பந்தய விளையாட்டுக்குக் கம்பியில்லாக் கண்ட்ரோலர்: 300 வெள்ளி செலவழித்துத் தெரிந்துகொண்டவை

கையடக்கக் கன்சோலை மேசைமேல் நிறுத்தி வைத்து, கம்பியில்லாக் கண்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தய விளையாட்டு ஆடலாம் என்று எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்பதற்கு எளிய ஆசைதான். அது நிறைவேறுவதற்குள் எனக்கு 300 மலேசிய வெள்ளிக்குச் சற்றுக் குறைவான பணமும், ஒரு தீபாவளி விடுமுறையும், அதைத் தொடர்ந்து வந்த பல வார இறுதிகளும் வீணாகிவிட்டன. நான் இருப்பது பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில். தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஊரில் இத்தகைய பொருள்களை விற்பவை கைப்பேசிக் கடைகளே. உறையும் திரைக் கண்ணாடியும் விற்பதில் அவர்கள் வல்லவர்கள். கண்ட்ரோலரைப் பற்றிக் கேட்டால் பெட்டியைத் திருப்பி, அதில் அச்சிட்டிருப்பதையே நமக்கு வாசித்துக் காட்டுவார்கள். இணையத்தில் தேடினாலோ ‘இதுதான் சிறந்தது’ என்று அடித்துச் சொல்பவர்கள் ஏராளம். பந்தய விளையாட்டுக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துச் சொன்னவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.

நான் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருக்கிறேன். குலை ஏற்றி வரும் லாரிகளை எடை போட்டுக் கணினியில் பதிவது என் வேலை. விளைச்சல் மிகுந்த மாதங்களில் இரவு வெகுநேரம் வரை லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். வீடு திரும்பியதும் சிறிது நேரமாவது மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டினால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும். 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் ஃபார்முலா 1 நடந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பித்து புரியும். அந்தப் பந்தயம் நம் நாட்டை விட்டுப் போய்விட்டது; மோட்டோஜிபி என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் செப்பாங்குக்கு வருகிறது, ஆகவே என் விளையாட்டும் மோட்டோஜிபி ஆகிவிட்டது. நான் வைத்திருப்பது 2022 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கன்சோலின் முதல் வகை. நான் வாங்கியபோது மலேசியாவில் அதற்கு அதிகாரபூர்வ விற்பனை இல்லாததால் இறக்குமதி செய்து விற்பவரிடம் வாங்கினேன். அதன் எடை 669 கிராம். பகல் முழுதும் விசைப்பலகையைத் தட்டித் தேய்ந்த மணிக்கட்டுக்கு அதைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. அரசாங்கக் கிளினிக் மருத்துவர் மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். விளையாட்டை விட மனமில்லாமல் நான் கண்டுபிடித்த நடுவழிதான் கன்சோலை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு, எடை குறைந்த கண்ட்ரோலரை மடியில் வைத்து ஆடுவது.

முதல் கண்ட்ரோலரை ஈப்போவில் ஒரு கடையில் 69 வெள்ளிக்கு வாங்கினேன். பெட்டியின்மேல் நிண்டெண்டோ சுவிட்ச் கன்சோல், கணினி, கைப்பேசி என்று எல்லாவற்றின் படமும் இருந்தது. ஸ்டீம் டெக்கில் ஓடுமா, பந்தய விளையாட்டுக்கு ஏற்றதா என்று கேட்டேன். கடைக்காரர் ‘போலே, போலே’ (முடியும், முடியும்) என்று இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினார். வீட்டிற்கு வந்து புளூடூத்தில் இணைத்தவுடன் ஒரு சிக்கலும் இல்லாமல் இணைந்துகொண்டது. அதுவே என்னை ஏமாற்றியது என்று சொல்வேன். இணைந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாருமே நினைப்பார்கள். செப்பாங் தடத்தின் கடைசித் திருப்பம் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளுக்கு இடையே அமைந்த கொண்டை ஊசி வளைவு. அதில் மெதுவாக நுழைந்து, வண்டி நிமிர நிமிர வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வெளியேற வேண்டும். கன்சோலின் சொந்தப் பொத்தான்களில் எனக்கு அது பழகிய காரியம். புதுக் கண்ட்ரோலரிலோ, ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவின் வாயில் பின்சக்கரம் வழுக்கி ஓட்டுநர் காற்றில் பறந்தார். முன்பிரேக்கும் அப்படியே, தொட்டவுடன் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சரிந்தது. மணிக்கட்டு வலியால் விரல் நடுங்குகிறதோ, வயதாகிவிட்டதோ என்றெல்லாம் மனம் போயிற்று. அந்தத் தீபாவளி விடுமுறை முழுவதும், விருந்தினர் போன பிறகு உட்கார்ந்து, விளையாட்டின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துச் சலித்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன். ஸ்டீம் டெக்கின் கண்ட்ரோலர் அமைப்புகளுக்குள் உள்ளீட்டைச் சோதிக்கும் திரை ஒன்று இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது அங்கே தெரியும். “மாமா, இங்க பாருங்க, நடுவுல நிக்கவே மாட்டேங்குது” என்றான். கன்சோலில் உள்ள வலது டிரிகரை, அதாவது மேல் விளிம்பில் ஆள்காட்டி விரலால் அழுத்தும் விசையை, மெல்ல அழுத்தினால் திரையில் உள்ள பட்டை சிறிது சிறிதாக நிரம்பியது. புதுக் கண்ட்ரோலரின் டிரிகரை எவ்வளவு மெல்ல அழுத்தினாலும், ஒரு கட்டம் வரை பட்டை காலியாகவே இருந்து, பிறகு ஒரேயடியாக முழுவதும் நிரம்பியது. பாதி என்ற நிலையே அதற்கு இல்லை. குழாயைத் திருகித் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதற்கும், விளக்கின் சுவிட்சைத் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. முதல் வகையை அனலாக் டிரிகர் என்றும், இரண்டாவதை டிஜிட்டல் டிரிகர் என்றும் சொல்கிறார்கள். டிஜிட்டல் டிரிகரில் நாம் கொடுக்கும் முடுக்கம் ஒன்று பூஜ்யமாக இருக்கும், இல்லையென்றால் முழுமையாக இருக்கும். சண்டை விளையாட்டுக்கோ தாவிக் குதிக்கும் விளையாட்டுக்கோ அது ஒரு குறையே அன்று. பந்தயத்தில், அதுவும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், வளைவிலிருந்து முழு முடுக்கத்தோடு வெளியேறினால் விழத்தான் வேண்டும்.

இந்த வேறுபாடு மலிவுப் பொருளில் மட்டும் இருப்பதன்று என்பதையும் பின்னர் அறிந்தேன். நிண்டெண்டோ சுவிட்சின் டிரிகர்களே வடிவமைப்பில் டிஜிட்டல்தான். அந்நிறுவனத்தின் புரோ கண்ட்ரோலரும் அப்படியே. அது குறை என்று சொல்ல முடியாது, அவர்களுடைய விளையாட்டுகளுக்கு அது போதும். ஆனால் சுவிட்சுக்காகச் செய்யப்பட்டு, ‘கணினியிலும் ஓடும்’ என்று பெட்டியில் சேர்த்து அச்சிடப்படும் கண்ட்ரோலர்களில் பல அதே வழியைப் பின்பற்றுகின்றன. ஆகவே கடையில் ‘ஓடுமா’ என்று கேட்பதில் பயனில்லை, ‘ஓடும்’ என்ற விடை பொய்யும் அன்று. ‘டிரிகர் அனலாக்கா’ என்றே கேளுங்கள். டிரிகர் ஆழமாக அழுந்துவதை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம். என்னுடையதும் நன்றாகவே அழுந்தியது, உள்ளே இருந்தது மட்டும் வெறும் பொத்தான். அப்படிப்பட்ட ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்குகள் எப்போதும் அனலாக்தான் என்பதால், விசைகளை மாற்ற அனுமதிக்கும் விளையாட்டுகளில் முடுக்கத்தையும் பிரேக்கையும் வலது ஸ்டிக்கின் மேல், கீழ் அசைவுகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். கை பழகச் சில நாள் ஆகும், ஆனால் வண்டி விழாது.

முதல் கண்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பெட்டி பிரித்தாகிவிட்டது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு பிரிவு இருக்கிறது: எந்தப் பயன்பாட்டுக்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் தெரிவித்து வாங்கினால், அந்தப் பயன்பாட்டுக்கு ஓரளவு ஏற்றதாகப் பொருள் இருக்க வேண்டும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகாரைப் பதிய 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் நான் கேட்டதும் அவர் தலையாட்டியதும் காற்றில் போன பேச்சு. 69 வெள்ளிக்காக வேலைக்கு விடுப்பு எடுப்பதும் கட்டுபடியாகாது. அதனால் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். வாங்குவதற்கு முன் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, ‘இந்தக் கருவியில் இந்த விளையாட்டுக்காக அனலாக் டிரிகர் உள்ள கண்ட்ரோலர் வேண்டும், இது அப்படிப்பட்டதா’ என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கொடுக்கிறேன். எழுத்தில் கேட்டால் ‘போலே’ என்று அவ்வளவு எளிதில் சொல்வதில்லை.

இரண்டாவது கண்ட்ரோலரை விசாரித்து, 189 வெள்ளி கொடுத்து, இணையவழிச் சந்தையில் ஈப்போ விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். அனலாக் டிரிகர் என்று எழுத்திலேயே உறுதி சொன்னார்கள். ஸ்டிக்குகளும் ஹால் உணரி கொண்டவை. பழைய வகை ஸ்டிக்கில் உள்ளே ஒரு தடத்தின்மேல் தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். தேய்ந்தால் நாம் தொடாமலேயே வண்டி ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்த விளைவைப் பயன்படுத்தும் உணரியில் உரசல் இல்லை, ஆதலால் அந்தத் தேய்மானம் இல்லை. பந்தயத்தில் இடது ஸ்டிக் ஓயாமல் ஆடுவதால் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகும் என்றே நினைக்கிறேன். பெட்டியைப் பிரித்து இணைத்து, நேரே சோதனைத் திரைக்குப் போனேன். பட்டை மறுபடியும் ஒரேயடியாக நிரம்பியது. அந்த இரவு எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. மனைவி எட்டிப் பார்த்து, “இன்னுமா அந்தச் சனியன் சரியாகல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

விற்பனையாளரிடம் கொண்டு போனேன். உட்பலகையில் கோளாறு இருக்கலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் இழுத்தடித்து, சோதனைக் கட்டணம் என்று 30 வெள்ளி பெற்றுக்கொண்டு, ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். கோளாறு பொருளில் இல்லை, அது இணைந்த முறையில் இருந்தது. இத்தகைய கண்ட்ரோலர்கள் ஒரே உடம்பில் பல இயங்குமுறைகளைக் கொண்டவை. ஒரு முறையில் அது தன்னைச் சுவிட்சின் கண்ட்ரோலர் என்று அறிவித்துக்கொள்ளும், இன்னொன்றில் எக்ஸ்பாக்ஸ் வகைக் கண்ட்ரோலர் என்று அறிவிக்கும், ஆண்ட்ராய்டுக்கு வேறொன்று. சுவிட்ச் முறையில் இணைந்தால், அந்தக் கருவிக்கு அனலாக் டிரிகர் என்பதே கிடையாது என்பதால், நம் கண்ட்ரோலரில் நல்ல அனலாக் டிரிகர் இருந்தாலும் அது அனுப்புவது ‘அழுந்தியது, அழுந்தவில்லை’ என்ற இரண்டு செய்திகளையே. என்னுடையது பெட்டியிலிருந்து வரும்போதே சுவிட்ச் முறையில் வைக்கப்பட்டிருந்தது. சில கண்ட்ரோலர்களில் பின்புறம் எஸ், எக்ஸ், டி, ஏ என்ற எழுத்துகளோடு நகர்த்தும் பொத்தான் இருக்கும். என்னுடையதில் அதுவும் இல்லை. எக்ஸ் பொத்தானையும் தொடக்கப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி இயக்க வேண்டும் என்று, சீனமும் ஆங்கிலமும் எறும்பு ஊர்வதாய் அச்சிடப்பட்ட ஒரு துண்டுத்தாளின் ஓரத்தில் இருந்தது. அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் என்னால் வாசிக்க முடிந்தது. முறையை மாற்றி, பழைய இணைப்பைக் கன்சோலிலிருந்து முற்றாக நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்தேன். பட்டை மெல்ல, மெல்ல நிரம்பியது. பழைய இணைப்பை நீக்காமல் விட்டால் சில நேரம் குழம்பும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விற்பனையாளர் இந்த ஒரு வரியைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் இன்றுவரை எனக்குள்ள ஆதங்கம்.

அடுத்து வந்த சிக்கல் சிறியது, ஆனால் தெரியாதவரைத் திகைக்க வைக்கும். சோதனைத் திரையில் எல்லாம் சரியாக வேலை செய்யும், விளையாட்டுக்குள் போனால் வண்டி நகராது. ஸ்டீம் டெக்கின் உடம்பிலேயே பொத்தான்கள் இருப்பதால் அது தன்னை முதல் ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து இணைவதை இரண்டாம் ஆட்டக்காரராக வைத்துவிடுகிறது. ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு இரண்டாமவரைத் திரும்பியும் பார்க்காது. மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் கண்ட்ரோலர்களின் வரிசையை மாற்றி, வெளிக் கண்ட்ரோலரை முதலிடத்துக்குக் கொண்டுவரலாம். விளையாட்டைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. தொடங்கிய பிறகு மாற்றினால் சில விளையாட்டுகள் ஏற்றுக்கொள்வதில்லை.

இவ்வளவும் சரியான பிறகு ஆசை வளர்ந்தது. 7 அங்குலத் திரையை மேசைமேல் வைத்தால் கைப்பிடியில் இருந்ததைவிடத் தொலைவு கூடிவிடுகிறது, சுற்று எண்ணிக்கையும் டயர் நிலவரமும் படிக்க முடிவதில்லை. தொலைக்காட்சியில் இணைக்கலாம் என்று, ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் ஹப் ஒன்றை 89 வெள்ளிக்கு வாங்கினேன். கன்சோலில் ஒரே ஒரு யுஎஸ்பி-சி துளைதான் இருப்பதால் மின்னூட்டம், தொலைக்காட்சி இணைப்பு, கண்ட்ரோலரின் டோங்கள் (கண்ட்ரோலரின் அலையை வாங்கும் சிறு யுஎஸ்பி செருகி) ஆகிய மூன்றுக்கும் ஹப் வேண்டியிருந்தது. அன்று முதல் வண்டி என் பேச்சைத் தாமதமாகவே கேட்டது. சில நேரம் ஒரு நொடி முழுக்கக் கட்டளை போகாமல், வளைவில் நேராகப் போய்ச் சரளைக்கல்லில் புதைந்தது. இதில் இரண்டு வேறு காரணங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன, பிரித்தறியத்தான் நாளாயிற்று.

முதலாவது தொலைக்காட்சி. படத்தை அழகுபடுத்துவதற்காக அது ஒவ்வொரு காட்சியையும் சிறிது நேரம் வைத்துக்கொண்டு பிறகே காட்டுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 55 மீட்டரைக் கடக்கும். பத்தில் ஒரு பங்கு நொடி தாமதம் என்றால் ஐந்தரை மீட்டர். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தை நாம் கண்ணால் காணும்போது வண்டி அதைத் தாண்டியிருக்கும். தொலைக்காட்சியின் பட அமைப்பில் ‘கேம் மோட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தவுடன் இதில் பெரும்பகுதி தீர்ந்தது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

கட்டளை அறுபடுவது மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் ஹப்தான். புளூடூத், கண்ட்ரோலர்களோடு வரும் டோங்கள், வீட்டு வைஃபையின் பழைய அலைவரிசை, மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இயங்குகின்றன. புளூடூத் அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 தடவை தடம் மாறி, நெரிசலைத் தவிர்த்து ஓடுகிறது. ஆனால் யுஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகப்படும் பொருள்களும் அதே பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012லேயே அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. என் ஹப்பில் டோங்களுக்குப் பக்கத்துத் துளையிலேயே விளையாட்டுகளைச் சேமித்த யுஎஸ்பி 3.0 வன்தட்டு செருகியிருந்தது. போதாதற்கு, கன்சோலையும் ஹப்பையும் தொலைக்காட்சியின் பின்னால், இரும்பு அலமாரிக்குள் வைத்திருந்தேன். வன்தட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது அறுபடுவது பெரிதும் குறைந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் டோங்களை மாட்டி, என் முழங்காலுக்கு நேரே தெரியும்படி முன்னால் இழுத்து வைத்ததும் நின்றேவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும், மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே நடுவில் ஆள் உட்கார்ந்தாலும் வலு குறையும். கன்சோலையும் வீட்டில் உள்ள கைப்பேசிகளையும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றியதும் உதவியது. அந்த ஹப்பை இப்போது மின்னூட்டத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். தொலைக்காட்சியில் ஆடும் ஆசையையும் விட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையில் நீண்ட கழுத்துள்ள தாங்கி ஒன்றை வைத்து, முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கன்சோலை நிறுத்தினால் எழுத்தும் தெரிகிறது, தாமதமும் இல்லை. தாங்கி பின்புறக் காற்றுத் துளைகளை மறைக்காததாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில், மேசை விரிப்பின்மேல் படுக்க வைத்தால் சற்று நேரத்திலேயே விசிறி அலறத் தொடங்கும்.

இரவில் பிறர் தூக்கம் கெடக்கூடாது என்று 99 வெள்ளிக்குக் கம்பியில்லாக் காதொலிப்பான் வாங்கியதுதான் கடைசிச் செலவு. புளூடூத் ஒலி படத்தைவிடக் காதுக்குத் தெரியும் அளவு பிந்தி வருகிறது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கியர் மாற்றுவது இஞ்சினின் ஓசையைக் கேட்டுத்தான். ஓசை பிந்தினால் கையும் பிந்தும். இதற்கு மேல், ஒரே புளூடூத் வானொலி கண்ட்ரோலருக்கும் காதுக்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருக்கிறது. சுவிட்சிலேயே கம்பியில்லா ஒலியை இணைத்தால் கம்பியில்லாக் கண்ட்ரோலர்கள் இரண்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கன்சோலில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. பழைய கைப்பேசியோடு வந்து மேசை இழுப்பறையில் கிடந்த கம்பிக் காதொலிப்பான் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது.

அமைப்புகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டிக்கின் நடுவில் அசைவு கணக்கில் வராத சிறு வட்டத்தை டெட் சோன் என்பார்கள். தேய்ந்த ஸ்டிக்குகளுக்காகப் பல விளையாட்டுகள் இதைப் பெரிதாகவே வைத்திருக்கின்றன. ஹால் உணரி இருந்தால் அதை வெகுவாகக் குறைத்துவிடலாம். நேர்ப்பாதையில் செய்யும் சிறு திருத்தங்கள் அப்போதுதான் வண்டிக்குப் போய்ச் சேரும். இன்னொன்று அதிர்வு. அதிர்வை முழுதாக வைத்தால் மின்கலம் விரைவில் தீர்வதோடு என் மணிக்கட்டும் மறுநாள் காலையில் கணக்குக் கேட்கிறது. முழுவதும் அணைத்துவிட்டாலோ சக்கரம் வழுக்கப்போவது தெரிவதில்லை. நான் மூன்றில் ஒரு பங்கில் வைத்திருக்கிறேன்.

சுவிட்ச் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு அனலாக் டிரிகரைத் தேடி அலைய வேண்டாம். அந்தக் கருவிக்கு நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த கண்ட்ரோலரை வாங்கினாலும் டிரிகர் பொத்தானாகவே வேலை செய்யும். மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் போன்ற விளையாட்டில் முடுக்கம் ஏ பொத்தானில்தான் இருக்கிறது, அங்கே டிரிகரின் ஆழத்துக்கு வேலையே இல்லை. 2019இல் சுவிட்சுக்கு வந்த கிரிட் ஆட்டோஸ்போர்ட் ஒரு விதிவிலக்கு: நிண்டெண்டோவின் பழைய கேம்கியூப் கன்சோலுக்கான கண்ட்ரோலரை அடாப்டர் வழியாக இணைத்தால் அதன் அனலாக் டிரிகரை அந்த விளையாட்டு ஏற்கிறது. அந்த ஒரு விளையாட்டுக்காக அத்தனையும் வாங்குவது அவரவர் வசதி. சுவிட்ச் லைட் வைத்திருப்பவர்கள் தாங்கியைத் தனியே வாங்க வேண்டும், அதில் காலும் இல்லை, தொலைக்காட்சியில் இணைக்கும் வசதியும் இல்லை.

என் கதையைக் கேட்ட ஆலைத் தோழர்கள் சிலர் இப்போது பழைய எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்களை வாங்கித்தரச் சொல்கிறார்கள். அவற்றின் டிரிகர்கள் அனலாக், பந்தயத்துக்கு அருமையானவை, ஆனால் எல்லாவற்றிலும் புளூடூத் கிடையாது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்தவை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தனி அலைமுறையில் மட்டும் பேசுபவை. 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸோடு வந்ததிலிருந்துதான் புளூடூத் சேர்ந்தது. அடையாளம் நடுப் பொத்தானில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முகப்புத் தகட்டோடு ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. மேல் விளிம்போடு சேர்ந்த தனித் துண்டாக, முகப்பிலிருந்து கோடு பிரிந்து தெரிந்தால் இல்லை. புதியது வாங்குவதானால் அதற்கு எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) சான்று அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள், கம்பியில்லாக் கருவிகளுக்கு நம் நாட்டில் சான்று கட்டாயம். எதை வாங்கப் போனாலும் கன்சோலையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடை மேசையிலேயே இணைத்து, சோதனைத் திரையைத் திறந்து, டிரிகரைப் பாதி அழுத்தி நிறுத்திப் பாருங்கள். அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம், ஈப்போவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.